தானாக முளைத்தது

வெண்ணிக்கோட்டையை ஆண்ட பெருநம்பி ராஜாவுக்கு எதன்மேல் எப்போது ஆசை வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் வெள்ளைக் குதிரை, ஒரு வருஷம் சீனத்துப் பட்டாசு. அந்த வருஷம் பூச்செடி.

கப்பலில் வந்த செடி அது. தட்டு அகலத்துக்குச் சிவப்பாகப் பூத்தது. வாசனை கிடையாது, தேன் கிடையாது, ஒரு வண்டுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர் மட்டும் யானை மாதிரி குடித்தது. நந்தவன அதிகாரி வித்தகராயர் அதற்கு 'ராணிக்குடை' என்று தானே ஒரு பெயர் வைத்து, ராஜாவின் காதில் ஓதினார்.

"மகாராஜா, கோட்டை முழுக்க ராணிக்குடை பூத்தால் தேவலோகம் தோற்றுவிடும். ஆனால் பாருங்கள், எங்கே பார்த்தாலும் ஆவாரை, நொச்சி, தும்பை! விருந்துக்கு வரும் அரசர்கள் நம்மைக் காட்டான் என்பார்கள்."

மறுநாளே தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள். "தானாக முளைத்தது எதுவும் இனிக் கோட்டைக்குள் இருக்கக்கூடாது! இருந்தால் பிடுங்கப்படும்! மறைப்பவனுக்குச் சவுக்கடி!"

அரசவை விகடகவி இடும்பனுக்கு அன்றைக்குப் பார்த்துச் சளி. தூதுவளை ரசம் கேட்டார். "வேலியில் இருந்த கொடியைக் காவலர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்" என்றாள் மனைவி. இடும்பனுக்குக் கோபம் வந்தது. நாட்டுக்காக அல்ல, மூக்குக்காகத்தான்.

மூக்கைச் சிந்திக்கொண்டே வீதிக்கு வந்தவர், மீன்காரத் தெருவில் நின்றுவிட்டார். அங்கே வீட்டுக்கு வீடு குழந்தைகள் காய்ச்சலில் கிடந்தார்கள். ஆவி பிடிக்க ஒரு பிடி நொச்சி இல்லை. மீன் விற்கும் வெள்ளையம்மா தன் மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இடும்பனைக் கண்டதும் கண்ணைத் துடைத்தாள்.

"இடும்பண்ணே, ராஜாகிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னால் என் முதுகுத்தோல் உரியும். பிடுங்கின செடியையெல்லாம் எங்கே கொட்டினார்கள்?"

"வடக்கு வாசலுக்கு வெளியே. மலை மாதிரி கிடக்கு. வேரெல்லாம் இன்னும் ஈரமாத்தான் இருக்கு."

இடும்பனின் முகம் மலர்ந்தது. அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் முதலில் திருதிருவென்று விழித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தாள்.

அன்று மாலைக்குள் அந்தக் குவியல் கரைந்துவிட்டது. ஆட்டுத்தழை என்று சிலர் சுமந்தார்கள், எருவுக்கு என்று சிலர். காவலர்களுக்கோ குப்பை ஒழிந்தால் போதும். மீன்காரத் தெரு நொச்சியை எடுத்துக்கொண்டது, நெசவாளர் தெரு ஆவாரையை, கொல்லர் தெரு தும்பையையும் தூதுவளையையும். குழந்தைகளுக்கு நொச்சி இலையில் ஆவி காட்டினார்கள். வேரோடு இருந்ததை வீட்டு வாசலில் நட்டார்கள்; அதில் பாதி பட்டுப்போயிற்று. மனந்தளராமல் காய்களைத் தேடிப் பொறுக்கி விதைத்தார்கள். சண்டை போட்டு நெடுநாளாகப் பேசாதிருந்த வீட்டுக்காரர்கள்கூட, "உன் வீட்டுத் தும்பை பிழைச்சுதா?" என்று கேட்டு ராசியானார்கள்.

மழைக்காலம் முடிந்தபோது வித்தகராயரின் ராணிக்குடை அழுகிச் சாய்ந்திருந்தது. ஊரோ பச்சைப் பசேலென்று நின்றது. அந்த எரிச்சலில் அவர் ராஜாவைக் கையோடு அழைத்துக்கொண்டு வீதிவலம் வந்தார். இடும்பனும் பின்னால் வந்தார். வழியில் ஒரு நாவிதரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"பாருங்கள் மகாராஜா! வீட்டுக்கு வீடு துரோகம்! எல்லோருக்கும் சவுக்கடி கொடுங்கள்!" என்று கொதித்தார் வித்தகராயர்.

ராஜா வெள்ளையம்மாவின் வாசலில் நின்று உறுமினார். "தானாக முளைத்தது இருக்கக்கூடாது என்று சொன்னோமே, காதில் விழவில்லையா?"

"விழுந்துச்சு மகாராஜா. அதனாலதான் ஒண்ணைக்கூட தானா முளைக்க விடல. பள்ளம் தோண்டினது நான், எரு போட்டது என் வீட்டுக்காரர், தண்ணி ஊத்தினது என் மாமியார். தானா முளைச்சுதுன்னு சொன்னா அந்தக் கிழவி சண்டைக்கு வந்துடும்!"

"எங்க வீட்டிலயும் அப்படித்தான் மகாராஜா!" என்று தெருவே குரல் கொடுத்தது. ஒருவன் மண்வெட்டிக் காய்ப்பு விழுந்த உள்ளங்கையை உயர்த்திக் காட்டினான். மற்றவர்களும் காட்டினார்கள்.

ராஜா வித்தகராயரைப் பார்த்தார். வித்தகராயர் வானத்தைப் பார்த்தார்.

இடும்பன் முன்னால் வந்தார்.

"மகாராஜாவின் உத்தரவு எழுத்துப் பிசகாமல் நிறைவேறிவிட்டது. ஊரே பாடுபட்டிருக்கிறது."

"அப்படியென்றால் இந்தக் கோட்டைக்குள் தானாக முளைத்தது ஒன்றுகூட இல்லை என்கிறாயா?"

"ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது மகாராஜா. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அடர்த்தியாக, கருகருவென்று நிற்கிறது. அதில் கைவைக்கக் காவலருக்குத் துணிச்சல் வரவில்லை."

"யார் வீட்டில்? சொல், இப்போதே பிடுங்குகிறேன்!"

"மகாராஜாவின் மூக்குக்குக் கீழே."

ராஜாவின் வலது கை மெல்ல மேலே போய், மீசையைப் பொத்திக்கொண்டது.

"உத்தரவு என்றால் உத்தரவு" என்றார் இடும்பன் பணிவாக. "நாவிதர் தயாராக நிற்கிறார். பிடுங்குவதா, சிரைப்பதா என்று மகாராஜா சொன்னால் போதும்."

கைக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு தும்மல் மாதிரி வந்தது. அப்புறம் ராஜா இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெருவும் சேர்ந்து சிரித்தது. ராஜா அதே கையால் தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து இடும்பன் மேல் போர்த்தினார்.

"உத்தரவு ரத்து! கோட்டைக்குள் பிடுங்கிய இடமெல்லாம் ஊரார் சொல்கிறபடி மறுபடி நட வேண்டும். பள்ளம் தோண்டுவது வித்தகராயர்!"

"அப்படியே தண்டோரா போடச் சொல்லட்டுமா மகாராஜா?" என்று கேட்டார் இடும்பன்.

"அது அப்புறம்" என்றார் ராஜா, மீசையிலிருந்து கையை எடுக்காமலே. "முதலில் அந்த நாவிதரை வீட்டுக்கு அனுப்பு!"