புஸ்ஸென்று வளர்ந்த தலைப்பாகைகள்

முன்னொரு காலத்தில், பூனைகள் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில், ஜர்நிகார் என்றொரு பேரரசு இருந்தது. அதன் சுல்தான் கட்டிய அறிவு மண்டபத்தில் இரண்டு மேதைகள் ஓயாமல் வாதாடினார்கள். ஒருவர் சட்டம் படித்த காழி புர்ஹான், மூக்கால் பேசுவார். இன்னொருவர் வானம் படித்த சிராஜுத்தீன். மாவு இழுக்கிற மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவார். பெருநாள் பிறையைக் கண்ணால் பார்க்கணுமா, கணக்குப் போட்டால் போதுமா? இதுதான் சண்டை. கண்ணால்தான் என்பார் காழி, கணக்கே போதும் என்பார் சிராஜுத்தீன்.

ஒருநாள் துணி வியாபாரி வேஷத்தில் ஒரு ஜின் வந்தது.

"வாதத்துல ஜெயிக்கிறவங்களுக்குன்னே நெய்த தலைப்பாகை. சும்மா கட்டிப் பாருங்க."

கட்டிக்கொண்டார்கள். காழி மூக்கைத் தூக்கினார். "நான் சொன்னா சொன்னதுதான்."

புஸ். தலைப்பாகை ஒரு சாண் வளர்ந்தது.

"நாஆன் சொன்னாஆ சொன்னதுதாஆன்."

புஸ்.

பொழுது சாய்வதற்குள் இரண்டு தலைப்பாகைகளும் வாசலை அடைத்துவிட்டன. கழற்றவும் வரவில்லை. மேலே முட்டியதில் மண்டபத்தின் கூரை விரிசல் விட்டது.

சிராஜுத்தீனின் மகள் தில்ஷாத், ஊரில் எல்லார் குரலிலும் பேசிக் காட்டும் வாலு. ஜன்னல் வழியே கெஞ்சினாள். "வாப்பா, கொஞ்சம் வாயை மூடிட்டிருங்க. கூரை உங்க தலையில விழுந்துடும்."

"விழாது மகளே. நாஆன் சொன்னாஆ..."

புஸ். ஒரு செங்கல் விழுந்தது.

சண்டையாவது ஓயட்டும் என்று ஜன்னலுக்குக் கீழே ஒளிந்துகொண்டு காழி மாதிரியே மூக்கால் பேசினாள்: "சிராஜே, நீர் சொன்னதுதான் சரி." வாப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. புஸ், புஸ். இரண்டு சாண்.

அழுதுகொண்டே, சூஃபி ஞானிகள் கூடித் தியானிக்கும் தைக்காவுக்கு ஓடினாள். மேதைகள் எட்டிக்கூடப் பார்க்காத இடம் அது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், அல்வாச் சட்டியை நக்கியபடி ஒரு கொழுத்த பூனை.

"இன்னொன்னையும் கழட்டிட்டு வா."

"இன்னொன்னா?"

"இங்க வர்றவங்க 'நான்'ங்கறதையும் வாசல்லயே விட்டுட்டுத்தான் வருவாங்க."

"அதை எப்படிக் கழட்டறது? பொத்தான் எங்க இருக்கு?"

"ஏன், போன வெள்ளிக்கிழமை என்னை மாதிரியே மியாவ்னு கத்தி, சமையல்காரர்கிட்ட என் மீனை வாங்கிட்டுப் போனியே. அப்ப நீ எங்க இருந்தே?"

தில்ஷாத் யோசித்தாள். "நான் இல்லவே இல்ல. முழுசாப் பூனைதான் இருந்துச்சு."

"அவ்வளவுதான்," என்று பூனை சட்டிக்குள் தலையை விட்டது.

தில்ஷாத் திரும்பி ஓடினாள். "வாப்பா, வீட்டுல காழி மாமா மாதிரி பேசிக் காட்டுவீங்களே, இப்பப் பேசுங்க."

"வீட்டில் என்ன செய்வீர்?" என்றார் காழி.

வாப்பா நெளிந்தார். மேலே கூரை மளுக்கென்றது. வேறு வழியில்லாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"கணக்குத் தெரியாத ஆட்டிடையனுக்கும் வானம் இருக்கு. அவன் தன் கண்ணால பிறையப் பார்த்துச் சந்தோஷப்பட வேணாமா?" கேலியாகத் தொடங்கியவர் பாதியில் மூக்கை விட்டார். குரல் தழைந்தது. "அட, வேணாமா?"

சுர்ர்ர். தலைப்பாகை சுருங்கியது.

காழி வாயைப் பிளந்தார். பிறகு அவரும் மெல்ல இழுத்தார். "மேகம் மூடுன ஊர்க்காரன் என்ன பண்ணுவாஆன்? அவனுக்குக் கணக்குதாஆனே கண்ணு?"

சுர்ர்ர். தலைப்பாகைகள் கைக்குட்டை அளவாகிக் கீழே விழுந்தன. இருவரும் வெளியே வந்து கட்டித் தழுவிக்கொண்டார்கள். ஜின் கைக்குட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடியே போனது.

அன்றிலிருந்து அந்தப் பேரரசில் எதிராளியை மறுக்கிறவர், முதலில் அந்த எதிராளியாகவே மாறி அவர் பக்கத்தைப் பேசணும். அவர் தலையாட்டிய பிறகுதான் மறுப்பு. மேதைகள் தைக்காவுக்குப் போய்ப் பழகினார்கள். சரியாகப் பேசினார்களா என்று தீர்ப்புச் சொல்லும் பதவியைச் சுல்தான் தில்ஷாதுக்குக் கொடுத்தார்.

அந்த வருஷம் இடையர்கள் கண்ணால் பார்த்தும், மேகம் மூடிய ஊர்க்காரர்கள் கணக்குப் போட்டும், ஒரே நாளில் பெருநாள் கொண்டாடினார்கள். தில்ஷாத் தன் பங்கு அல்வாவுக்குத் தைக்காவில் தட்டை நீட்டினாள்.

"இப்பத்தானேம்மா கதவுக்கு வெளிய நின்னு கேட்டே, வச்சேனே," என்றார் சமையல்காரர்.

கூரைமேல் பூனை மீசையை நக்கிக்கொண்டிருந்தது.