கரைக்கு மண் போடாத காட்டுப்பன்றி

காட்டு ஏரிக்கரையில் ஒரு பெரிய ஆலமரம். வழிப்போக்கு மிருகங்கள் அதன் நிழலில் தங்கிப் போகலாம். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டது வெள்ளச்சி என்ற முயல்.

தங்குவதற்குக் கட்டணம் உண்டு. தினமும் ஏரிக்கரைக்கு ஒரு கூடை மண் போட வேண்டும், அவ்வளவுதான். கரைக்குக் கீழேதான் வெள்ளச்சியின் வளை. உள்ளே கண் திறக்காத குட்டிகள். கரை உடைந்தால் குட்டிகள் போச்சு!

மான் போட்டது. முள்ளம்பன்றிகூட முனகிக்கொண்டே போட்டது. தடியப்பன் என்ற காட்டுப்பன்றி மட்டும் வாரக்கணக்கில் தங்கியும் ஒரு பிடி மண் போடவில்லை. தின்பதும் தூங்குவதும்தான் துரைக்கு வேலை!

"அண்ணே, மேகம் கறுத்துட்டுது. உங்க பங்கு மண்ணைப் போடுங்க!" என்றது வெள்ளச்சி.

"நிழல் என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா? போ, போ!"

வெள்ளச்சி அதற்குமேல் கெஞ்சவில்லை. நேரே யானையிடம் ஓடியது. கட்டணம் தராமல் தங்குகிறவனைத் தூக்கி வெளியே விடுவது அந்தக் காட்டில் யானையின் பொறுப்பு.

யானை வந்தது. துதிக்கையை நீட்டியது. தடியப்பன் அசரவில்லை.

"தொடாதே! தங்க வந்தவனைத்தான் நீ தூக்கலாம். நான் இங்கேயே குடியிருக்கிறேன். குடியிருப்பவனை யாரும் கிளப்பக் கூடாது. அதுதான் சட்டம்!"

யானை துதிக்கையை இழுத்துக்கொண்டது. ஆனால் வெள்ளச்சி துள்ளிக் குதித்தது.

"யானையக்கா, நீங்களே கேட்டீங்க! அண்ணன் நம்ம ஊர்க்காரர் ஆயிட்டார். குடியிருப்பவங்களுக்கு என்ன முறை? சொல்லுங்க!"

"மழைக்காலம் முடிகிறவரை விடிந்தது முதல் பொழுது சாயும்வரை கரை வேலை" என்றது யானை.

தடியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ! நான் குடியிருக்கலை! தங்கத்தான் வந்தேன்!"

"அப்படியா? இத்தனை நாள் பாக்கி மண்ணையும் போட்டுவிட்டுக் கிளம்பு. நான் இங்கேயே நிற்கிறேன்" என்றது யானை.

வேறு வழி? தடியப்பன் கோரைப்பல்லால் மண்ணைக் கிளறிக் கிளறிக் கரையில் தள்ளியது. நாக்குத் தள்ளிவிட்டது! சாயங்காலம் அது நொண்டிக்கொண்டே கிளம்பியபோது மழை பிடித்துக்கொண்டது. ஏரி தளும்பியது. கரை அசையவில்லை. குட்டிகள் நனையாமல் தூங்கின.

தப்பிப்பதற்காகச் சட்டத்தில் பாதியைப் பிடித்துக்கொள்பவன் மீதிப் பாதியில் வசமாக மாட்டிக்கொள்வான்.