மூன்று பூட்டு

“நாய்க்குப் பாவம் பார்த்தா என் பங்கு போயிடும் சாமி. நான் என்ன பண்றது?”

தெய்வானை மூச்சு வாங்கக் கேட்டாள். உச்சி வெயிலில் மலையடி மடத்துக்கு நடந்தே வந்திருந்தாள்.

சாமி இலை தைத்துக்கொண்டிருந்தார். ஈர்க்குச்சியைக் கீழே வைக்கவில்லை.

“எந்த நாய்?”

“எங்கப்பா வளர்த்தது. கிழட்டு நாய். அவரு கட்டிலுக்கடியிலதான் சுருண்டு கிடக்கும்.”

அப்பாவின் காரியம் முடிந்த அன்றே வீட்டுக்காகச் சண்டை வந்தது. அண்ணன் சடையப்பன் வாசல் கதவில் ஒரு பூட்டைப் போட்டார். அதன் பக்கத்திலேயே தம்பி குழந்தைவேலு ஒன்றைப் போட்டான். இரண்டு பேரையும் நம்பாமல் தெய்வானையும் கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்து போட்டாள்.

கட்டிலுக்கடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் உள்ளேயிருந்து குரைப்புச் சத்தம் கேட்டது.

“முதல்ல விடாம குரைச்சுது சாமி. நேத்து முனகல்தான். இன்னைக்குக் காலையில கதவைப் பிறாண்டுது.”

“ஜன்னல் வழியா ஏதாவது போடலாமே?”

“அதுக்கெல்லாம் அண்ணன் பலகை அடிச்சுட்டாரு.”

“அப்போ திறக்க வேண்டியதுதான்.”

“யாரு முதல்ல திறக்கிறது? அண்ணனைக் கேட்டா, ‘தம்பி கழட்டட்டும், அப்புறம் நான்’ங்கிறாரு. தம்பி நக்கலடிக்கிறான். ‘கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு இங்க என்ன பூட்டு? நீ முதல்ல கழட்டுக்கா’ங்கிறான். நான் கழட்டினா அவ்வளவுதான் சாமி. அன்னைக்கே ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்து உள்ளே குடி வந்துருவாங்க. எனக்கு ஒரு செங்கல்கூட மிஞ்சாது.”

“நீ என்ன சொன்னே?”

“என் பூட்டுல எவனாவது கை வச்சா போலீசுக்குப் போவேன்னு தெருவே கேக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

சாமி இலையை ஓரமாக வைத்தார். பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு அவள் முன்னால் வைத்தார்.

அவள் கையை நீட்டினாள்.

சாமி செம்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“கையை எடுங்க சாமி. தொண்டை காயுது.”

“மத்த ரெண்டு பேரும் முதல்ல எடுக்கட்டும்.”

“எந்த ரெண்டு பேரு? உங்க கை மட்டுந்தானே இருக்கு?”

சாமி கையை எடுக்கவில்லை.

தெய்வானை செம்பைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் விரல்கள் முந்தானை முடிச்சைத் தேடின. சாவி அங்கேதான் இருந்தது.

எழுந்தாள். தண்ணீர் குடிக்காமலே ஓடினாள்.

ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

அண்ணனும் தம்பியும் வாசல்படியில் ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சட்டியில் பால்சோறு இருந்தது. அதில் எறும்பு ஏறியிருந்தது. பக்கத்தில் இரண்டு பூட்டுகள் திறந்து கிடந்தன.

கதவில் ஒரே ஒரு பூட்டுதான் தொங்கியது.

“எங்கடி போய்த் தொலைஞ்சே?” என்றார் அண்ணன். “அது பிறாண்டுறது காதுல கேக்க முடியலை. நீ போன கொஞ்ச நேரத்துலயே ரெண்டு பேரும் கழட்டிட்டோம். உன்னைத் தேடாத இடமில்லை.”

தெய்வானை கதவில் காதை வைத்தாள்.

உள்ளே சத்தம் இல்லை.



“உடைச்சிருக்கலாமேடா” என்றாள்.

தம்பி தலையைத் தூக்கவில்லை.

“நீதானேக்கா தெருவே கேக்கச் சொல்லிட்டுப் போனே?”