மூன்றாம் படிச் சாப்பாடு

வேழமங்கலத்து ராஜாவின் அரண்மனைக்கு ஒரு நாள் வணிக ஆய்வாளர் அகோரமூர்த்தி வந்து சேர்ந்தார். நாடு நாடாகப் போய்த் தரம் பிரிப்பதுதான் அவர் வேலை. வந்தவர் சாய்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"பயிர் வைத்துப் பிழைக்கிற நாடு முதல் படி. பொருள் செய்து விற்கிற நாடு இரண்டாம் படி. யோசனை சொல்லியே சம்பாதிக்கிற நாடுதான் மூன்றாம் படி. உங்கள் நாடு இன்னும் முதல் படியிலேயே கிடக்கிறது. இங்கெல்லாம் நான் கை நனைப்பதில்லை."

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சமையற்காரன் மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"மத்தியானம் ஐயாவுக்கு மூன்றாம் படிச் சாப்பாடு போட வேண்டும். முடியாவிட்டால் மூட்டையைக் கட்டு."

மாசிலாமணி தலையாட்டிவிட்டுப் போனான். மத்தியானம் தலைவாழை இலை போட்டான், தண்ணீர் தெளித்தான். அதோடு சரி. கையைக் கட்டிக்கொண்டு, கத்தரிக்காயை எப்படி வதக்குவது, குழம்பை எப்போது இறக்குவது, அப்பளம் எந்தச் சூட்டில் பொரியும் என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தான். உள்ளே வேலைக்காரர்கள் சாப்பிடுகிற குழம்பு வாசனை கூடம் வரைக்கும் வந்தது. ஆய்வாளரின் வயிறு கடமுடா என்றது.

"சாப்பாடு எங்கேயப்பா?"

"இதுதானுங்க. பயிர் வைத்தால் முதல் படி, சமைத்தால் இரண்டாம் படி. யோசனை மட்டும் சொன்னால்தானே மூன்றாம் படி?"

ராஜா மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ஆய்வாளர் எச்சிலை விழுங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு படி இறங்கிக்கொள்ளட்டுமா?"

"ஒரு படி போதாதுங்களே," என்றான் மாசிலாமணி. "அரிசி முதல் படியில்தான் இருக்கு."