கஸ்பாரின் தக்கை

கஸ்பார் காய்ச்சலில் போய்ப் பதினாறு நாள்கூட ஆகவில்லை. மீன் ஏல முதலாளி தொம்மை பிக்கப் வண்டியோடு வந்து, அவன் வீட்டு வாசலில் நின்ற சிறு படகை வண்டியில் பூட்டும்படி டிரைவரிடம் சொன்னார்.

“படகை எனக்குக் கொடுத்துட்டுத்தான் கஸ்பார் கண்ணை மூடினான்,” என்றார், கூடிய ஊரைப் பார்த்து.

கஸ்பாரின் மனைவி மரியபுஷ்பம் அழவில்லை.

“அப்படியா முதலாளி? அப்ப ஒரு சுத்து ஓட்டிட்டுக் கொண்டுபோங்க. அவரு படகு தண்ணியில போறதை ஒருதரம் பார்த்துக்கிறேன்.”

“அதுக்கென்ன!” என்று மீசையை நீவினார், கடலில் கால் நனைத்தறியாத தொம்மை.

வண்டி படகை அலைவரை இழுத்துப்போய் இறக்கியது. முதலாளி ஏறித் துடுப்பைப் பிடித்தார். நாலு வீச்சுக்குள் அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து அவர் முழங்காலுக்கு ஏறியது.

“ஐயோ, ஓட்டைப் படகு!”

“மழைத்தண்ணி வடியட்டும்னு, கரையில நிக்கிறப்ப படகோட அடி ஓட்டையில இருக்கிற தக்கையைக் கழற்றி வைக்கிறது வழக்கம்தானே? படகைக் கொடுக்கிறவங்க முதல்ல தக்கையைத்தான் கையில கொடுப்பாங்க. உங்களுக்குக் கொடுக்கலையா முதலாளி?”

மரியபுஷ்பம் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தக்கையைக் காட்டினாள். கரையே சிரித்தது. நனைந்த வேட்டியோடு முதலாளி தலைகுனிந்து நடந்தார்.

டிரைவர் படகைத் திரும்ப இழுத்துவந்து வாசலில் விட்டான். அவள் தக்கையை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. படகில் ஏறிப் போகத்தான் வீட்டில் ஆளில்லை.