மிளகி திறந்த மேல்வாசல்

குளக்கரை மேட்டில் மிளகி என்ற சுண்டெலியும் அவள் கணவன் தவிடனும் வளை தோண்டிக் குடியிருந்தார்கள். வளைக்கு இரண்டு வாசல்கள். கீழ்வாசல் தண்ணீரோரம், புங்க மர நிழலில் இருந்தது. மேல்வாசல் மேட்டின் உச்சியில் இருந்தது. கீழே நுழையும் குளிர்ந்த காற்று, உள்ளே இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு மேலே போய்விடும். சித்திரை வெயில்கூட அந்த வீட்டில் வாலாட்ட முடியாது!

மிளகி ஐந்து குட்டிகள் போட்டாள். அன்றைக்கே தவிடனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மேட்டுப் பக்கம் ஒரு பருத்த சாரைப்பாம்பு சுற்றுவதை அவன் பார்த்திருந்தான்.

"கீழ்வாசல்ல நான் காவல் இருப்பேன். மேல்வாசலை யார் காக்கிறது? அடைச்சிடுறேன்!" என்றான்.

"அப்போ காத்து?" என்றாள் மிளகி.

"காத்து வர ஒரு வாசல் போதாதா?"

களிமண்ணைக் குழைத்து அப்பினான். கோட்டையே கட்டியவன்போல மீசையை முறுக்கிக்கொண்டான். நல்ல அப்பாதான், பாவம்! கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மறுநாள் உச்சி வெயிலில் வளை அவிந்தது. குட்டிகளுக்கு மூச்சு வாங்கியது. தவிடன் பதறிப்போய்க் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து தெளித்தான். புழுக்கம்தான் கூடியது. கீழ்வாசலைப் பெரிதாக்கினான். அப்போதும் துளிக் காற்று வரவில்லை. கடைக்குட்டி பால் குடிக்கக்கூடத் தலை தூக்கவில்லை. மிளகி கீழ்வாசலுக்கு ஓடி வெளியே பார்த்தாள்.

வெளியே புங்க இலைகள் ஆடிக்கொண்டிருந்தன. வாசலில் கிடந்த இலவம்பஞ்சு மட்டும் அசையவில்லை. ஏன்? அவளுக்குச் சட்டென்று புரிந்தது.

"ஏங்க! வீடு முழுக்கப் பழைய காத்து அடைஞ்சு கிடக்கு. அது வெளியே போனாத்தானே புதுக் காத்து உள்ளே வரும்!"

"திறந்தா பாம்பு வருமே!"

"அது வராத மாதிரி திறப்போம்!"

மேலே ஓடிக் களிமண்ணைப் பிறாண்டித் தள்ளினாள். இருவரும் கருவேல முள்ளை இழுத்து வந்தார்கள். ஒரு சுண்டெலி நுழையும் இடம் மட்டும் விட்டு, இரண்டு வாசல்களிலும் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினார்கள். பஞ்சு மெல்ல அசைந்து, வீட்டுக்குள் ஓடியது!

சாயங்காலம் சாரை வந்து மேல்வாசலில் மூக்கை நுழைத்தது. முள் குத்தியது. "சீ, இதெல்லாம் ஒரு வீடா!" என்று திட்டிவிட்டுத் தவளை பிடிக்கப் போனது.

உள்ளே கடைக்குட்டி முட்டி மோதிப் பால் குடித்தது. தவிடனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"காவல் காக்கிறேன்னு உங்களை வேக வெச்சிட்டேனே!"

"சரி, சரி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. காத்தை மறைக்கிறீங்க!" என்று சிரித்தாள் மிளகி.

ஆபத்துக்குப் பயந்து வீட்டையே அடைப்பவனைவிட, ஆபத்தை மட்டும் தடுத்துக் காற்றுக்கு வழிவிடுபவனே நல்ல காவல்காரன்.