பின்னால் நடக்கிற பக்கம்

"எனக்கு இன்னொரு ஜோடி வேணாம்க்கா," என்றான் எட்டியப்பன்.

பிலோமினா டீ குடித்துக்கொண்டிருந்தாள். டீ சூடாக இருந்ததால் பதில் சொல்லவில்லை.

"ஒத்தையா தூக்கிக்கிறேன். முதுகு என்னுது. போனா என்னுதுதானே போவப்போவுது."

அவள் ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"வெயில்ல ஒன்பது நாள் வாசல்ல உக்காந்தேன். அந்த முதுகுல எனக்கும் ஒன்பது நாள் பங்கு இருக்கு, எட்டிண்ணா."

அவனுக்கு ஐம்பத்து நாலு. அவளுக்கு நாற்பத்தொன்று. ஆனாலும் அந்தக் கிடங்கில் எல்லோருக்கும் அவள் அக்காதான். மானேஜர்கூடப் பக்கத்தில் ஆள் இல்லாதபோது அப்படித்தான் கூப்பிடுவார்.

கிடங்கு மாதவரத்தைத் தாண்டி இருக்கிறது. அதன் நீளத்தை யாரும் அளந்ததில்லை. முதல் கதவில் மழை பெய்தால் பன்னிரண்டாம் கதவுக்காரர்கள் மறுநாள் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள். ஒரு தடவை சரக்கைச் சரிபார்க்க ஓர் ஆபீசர் உள்ளே போனார். வெளியே வந்தபோது அவருக்குப் பதவி உயர்வு வந்து, ஓய்வும் வந்திருந்தது.

அங்கே முப்பது கிலோவுக்கு மேல் போனால் பெட்டியில் மஞ்சள் நாடா ஒட்டுவார்கள். மஞ்சள் நாடா என்றால் இரண்டு பேர். இரண்டு பேரும் தங்கள் பேரைப் பெட்டியில் சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் கை வைக்கலாம். எழுபதுக்கு மேல் மனிதன் தொடக்கூடாது, வண்டிதான்.

ஒன்பது நாள் வேலைநிறுத்தத்தில் சங்கம் வாங்கிய விதி அது. மஞ்சள் நாடாவைத் தனியாகத் தூக்கினால் முதல் தடவை பேசுவார்கள். இரண்டாம் தடவை எழுதி வாங்குவார்கள். மூன்றாம் தடவை ஆள் பட்டியலில் பேர் இருக்காது. இதற்கு முதலில் கை தூக்கியவர்களில் எட்டியப்பனும் ஒருவன்.

விதியைக் காக்கச் சங்கம் வைத்த ஆள் பிலோமினா. செருப்பு நுனியால் பெட்டியை ஒரு தட்டு தட்டி எடை சொல்வாள். தராசு நூறு கிராம் மாற்றிக் காட்டினால், தராசுக்காரன் தராசைத்தான் ரிப்பேருக்கு அனுப்புவான்.

எட்டியப்பனும் முனிரத்தினமும் பத்தொன்பது வருஷம் ஜோடி.

மற்றவர்கள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணித் தூக்குவார்கள். இவர்கள் எண்ணியதில்லை. ஒருவன் மூச்சை இழுத்தால் பெட்டி எழும்பிவிடும். ஒரு தடவை இவர்கள் இறக்கிய பீரோவுக்குள் ஒரு பூனை குட்டிகளோடு தூங்கிக்கொண்டிருந்தது. கடைசிவரை அது விழிக்கவே இல்லை. ஏழு குட்டி என்கிறார்கள். நான் எண்ணவில்லை.

தை மாதம் ரத்தினத்துக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. மாலை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். போன் போட்டால் பேத்திக்குப் பல் முளைத்த கதையைச் சொல்வான். எட்டியப்பன் ஒவ்வொரு பல்லாகக் கேட்டுக்கொள்வான்.

பிறகு ஆறு மாதத்தில் எட்டியப்பன் ஆறு ஜோடி மாற்றினான். ஒருவன் அவசரமாகத் தூக்குகிறான் என்றான். ஒருவன் தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறான் என்றான். ஒருவன் மேல் வருவது ரத்தினத்தின் சோப்பு வாசம் இல்லை என்று சங்கத்தில் புகாரே கொடுத்துப் பார்த்தான். சங்கம் அதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் பெட்டியின் இந்தப் பக்கம் எட்டியப்பன் என்று எழுதினான். அந்தப் பக்கம் ரத்தினம் என்று எழுதினான். தனியாகத் தூக்கினான்.

இரண்டு தடவை மாட்டினான்.

இன்று மூன்றாவது. லூதியானாவிலிருந்து வந்த லாரிக்குள் கடைசியாக நின்றது ஒரு தையல் மெஷின் பெட்டி. மஞ்சள் நாடா. இரண்டு பக்கமும் பேர் எழுதியாகிவிட்டது. அவன் குனிவதற்குள் பிலோமினா டீ கிளாஸோடு லாரியில் ஏறி, அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பெட்டி நகராதவரை குற்றம் இல்லை என்று அவள்தான் சொன்னாள். சாப்பாட்டு மணிக்குள் லாரி காலியாக வேண்டும். தனியாகத் தூக்கினால் அவள் எழுதியாக வேண்டும். எழுதினால் அவன் நாளைக்கு வர வேண்டியதில்லை.

எட்டியப்பன் லாரியின் தரையைப் பார்த்தான்.

"இன்னும் நாலு வருஷந்தான்க்கா இருக்கு. அவன் பேரோடயே முடிச்சிக்கிறேனே."

பிலோமினா எழுந்தாள். சுற்றிப் போய் அந்தப் பக்கம் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"கூப்பிடு."

"யாரை?"

"ரத்தினத்தை. பேர் எழுதியிருக்கு. வந்தாத்தானே தூக்க முடியும்."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தான். அவள் முகத்தில் கிண்டல் இல்லை. மெதுவாகக் கூப்பிட்டான். அது மூணாம் கதவைக்கூடத் தாண்டாது என்றாள்.

உரக்கக் கூப்பிட்டான்.

பத்தொன்பது வருஷத்தில் அவன் ரத்தினத்தைக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் எதிரில்தான் இருந்தான். கூப்பிடுவதற்கு அவசியம் வரவில்லை.

குரல் பன்னிரண்டாம் கதவுவரை போய், கேண்டீன் வழியாகச் சுற்றிக்கொண்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. கொஞ்சம் ரசம் வாசத்தோடு வந்தது. தன் குரல்தான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்த்தான்.

பிலோமினா அவன் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அவன் எந்தப் பக்கம் நிப்பான்?"

"இறங்குற பக்கம்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்ற வேண்டும் என்று விதி இருப்பதை நினைவுபடுத்தினாள். தங்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை என்றான். ரத்தினம் மாற்றச் சொல்லிக் கேட்டதே இல்லை என்றான். நீ கேட்டாயா என்று அவள் கேட்டாள். எட்டியப்பன் யோசித்தான். அவனும் கேட்டதில்லை.

"இன்னைக்கு நீ அங்க நில்லு."

அவனுக்கு அது பிடித்திருந்தது. ஆறு மாதத்தில் இப்போதுதான் ஒருத்திக்குத் தன் மனசு புரிந்தது என்று நினைத்தான். ரத்தினம் நிற்கிற இடத்தில் போய் நின்றான். ரத்தினத்தைப் போலவே இரண்டு காலையும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டான். அந்த இடத்தில் நிற்பதே போதும் போல இருந்தது.

பக்கத்துக் கதவிலிருந்து சாதிக் பாஷாவை வரச் சொன்னாள் பிலோமினா. இரண்டு மாதமாகத்தான் வேலைக்கு வருகிறான். அதற்கு முன் இருபது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். இப்போதும் பெட்டியை வைத்துவிட்டுத் தட்டி ரைட் கொடுப்பான்.

தையல் மெஷினை அவள் தொடவிடவில்லை. முதலில் ஒரு பதினெட்டு கிலோ பெட்டியைப் பக்கத்து லாரியிலிருந்து எடுத்து வரச் செய்தாள். யாரும் தனியாகவே எடுக்கிற பெட்டி. இரண்டு பேரும் பிடித்துச் சரிவுப் பலகையில் இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

தூக்கினார்கள்.

சாதிக்கின் முகம் கிடங்கைப் பார்த்திருந்தது. எட்டியப்பனின் முகம் லாரியைப் பார்த்திருந்தது. வழி முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஓர் அடி பின்னால் வைத்தான். தரை இருந்தது. இன்னோர் அடி வைத்தான். அடுத்த அடிக்குக் காலை நீட்டினான். கீழே பலகையா, காற்றா என்று தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தான்.

"திரும்பாத," என்றாள் பிலோமினா. "கையில பெட்டியோட இடுப்பைத் திருப்பினா அங்கயே பிடிச்சிக்கும்."

"பின்ன வழி எப்படித் தெரியும்?"

"எதிர்ல ஒருத்தன் இருக்கான்ல."

எதிரில் பார்த்தான். பெரிய மீசை. மூக்கின் மேல் வியர்வை. ரத்தினத்தின் முகம் இல்லை அது.

"வரலாம், வரலாம்," என்றான் சாதிக். "லாரி விளிம்பு இருக்கு, பாத்து. ஆங், பலகை வந்துடுச்சி. கொஞ்சம் லெப்ட்ல வாங்க. அவசரமே இல்ல, நின்னு நிதானமா இறங்கலாம். வரலாம், வரலாம்."

பலகை பதினோரு அடி. அன்றைக்கு அது திண்டிவனம்வரை போனது.

சரிவில் பெட்டி முழுதும் எட்டியப்பன் பக்கம் சாய்ந்தது. மேலே இருப்பவன் பிடித்துக்கொண்டு வந்தான். கீழே இருப்பவன்தான் தாங்கினான். பதினெட்டு கிலோ நெஞ்சில் வந்து உட்கார்ந்து, குதிகால் ஒவ்வொரு தடவையும் இல்லாத படியைத் தேடியது. பாதியில் சாதிக் மூச்சு வாங்கப் பேச்சை நிறுத்தினான். எட்டியப்பன் அப்படியே நின்றுவிட்டான். கால் நகர மறுத்தது. சாதிக் மறுபடி பேசிய பிறகுதான் நகர்ந்தது.

தரைக்கு வந்து பெட்டியை வைத்தார்கள். சாதிக் ஒரு தட்டு தட்டினான்.

எட்டியப்பனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நிமிர்ந்து பலகையைப் பார்த்தான். கீழேயிருந்து அதை அவன் பார்த்ததே இல்லை போல நெடுநேரம் பார்த்தான். பிறகு தண்ணீர் டிரம் பக்கம் நடந்தான்.

தான் அதிகம் பேசிவிட்டேனா என்று சாதிக் கவலையோடு கேட்டான். பிலோமினா கிளாஸில் மிச்சமிருந்த டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

டிரம்முக்குப் பின்னால் நின்று எட்டியப்பன் போன் போட்டான்.

ரத்தினம் எடுத்ததும் கடைவாய்ப் பல்லிலிருந்து ஆரம்பித்தான். எட்டியப்பன் முதல் தடவையாகப் பல்லை நிறுத்தினான்.

"டேய். பலகையில பின்னால இறங்கறது பயமா இருக்குமாடா?"

ஓசூரில் பேத்தியைக் கீழே இறக்கிவிடுகிற சத்தம் கேட்டது.

"உன்னை யாரு அங்க நிக்க வச்சது?"

"அதைச் சொல்லு."

"இருக்கும்."

"பத்தொன்பது வருஷமுமா?"

"தெனம்."

"ஏன்டா சொல்லல?"

"எப்பச் சொல்றது? உன் மூஞ்சியை விட்டுக் கண்ணை எடுத்தா விழுந்துடுவேன். நீ பல்லைக் கடிச்சா விளிம்பு. புருவத்தைத் தூக்கினா பலகை ஈரம். நீ வெத்தலை போட்ட அன்னைக்குத்தான்டா கஷ்டம். எல்லாமே விளிம்பு மாதிரி இருக்கும்."

எட்டியப்பன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது. ரத்தினம் அதைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்ப வந்தான். குரல் இறங்கியிருந்தது.

"காலையில பால் வாங்கப் போறேன்டா இங்க. நேரா பாத்துதான் நடக்கிறேன். ரோடு முழுசா தெரியுது. கால் எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல."

யார் முதலில் போனை வைத்தார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

சாப்பாட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

எட்டியப்பன் லாரியில் ஏறினான். பிலோமினா தையல் மெஷின் பெட்டியைச் செருப்பு நுனியால் தட்டி, ஐம்பத்தெட்டு கிலோ என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சாதிக் சாக்பீஸ் எடுத்துத் தன் பேரை எழுதினான். பிறகு மரியாதைக்காக இறங்குகிற பக்கம் போய் நின்றான். பெரியவர் பழகிய மேல்பக்கத்தில் அவரே நிற்கட்டும் என்று நினைத்தான்.

எட்டியப்பன் அவன் தோளைப் பிடித்து மேல்பக்கம் நகர்த்திவிட்டான். தான் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றான். முழங்காலை மடக்கினான். பெட்டியை அணைத்துப் பிடித்தான்.

சாதிக் இந்தத் தடவை உதட்டை இறுக்கி மூடியிருந்தான்.

"பேசிக்கிட்டே வா," என்றான் எட்டியப்பன். "உன் மூஞ்சி எனக்கு இன்னும் பழகல."